கடல் எண்ணெய்த் தளங்களின் பாதுகாப்பும் ‘ஏற்கத்தக்க ஆபத்தும்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஃப்ஷோர் வேலைக்குக் கிளம்பும் வெல்டர், ஸ்கஃபோல்டர், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் ஆகியோருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. வகுப்பில் தலையாட்டிவிட்டு, டீ குடிக்கும்போதுதான் மனதில் இருப்பதைக் கேட்பார்கள். அவர்கள் வீட்டாரும் போனில் அதையேதான் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் விளக்கியதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

ரிக், பிளாட்ஃபார்ம் ரெண்டும் ஒண்ணுதானே? அங்க அப்படி என்ன பெரிய ஆபத்து?

ரிக் கிணறு தோண்டும். தோண்டி முடித்ததும் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். பிளாட்ஃபார்ம் அங்கேயே நிற்கும். கிணற்றிலிருந்து வரும் எண்ணெய், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் பிரித்து, குழாய் வழியே கரைக்கு அனுப்பும். பேச்சுவழக்கில் இரண்டையும் ரிக் என்றே சொல்கிறோம்.

ஆபத்துக்குக் காரணம் இடநெருக்கடி. கரையில் ஒரு சுத்திகரிப்பு ஆலை ஏக்கர் கணக்கில் பரந்திருக்கும், ஊழியர் குடியிருப்பு தள்ளி இருக்கும். கடலில் கம்ப்ரஸர், பிரிகலன், கிணற்று வாய், சமையலறை, படுக்கையறை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில மாடிகளில் அடங்கியிருக்கும். தீப்பிடித்தால் ஓட வெளி கிடையாது. மும்பை ஹை வயல் மும்பையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தீயணைப்பு வண்டியை எதிர்பார்க்க முடியாது. கையில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

‘ஏற்கத்தக்க ஆபத்து’ன்னா, இத்தனை பேர் செத்தா பரவாயில்லைன்னு முன்கூட்டியே முடிவு பண்றாங்களா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. பிரிட்டனின் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. ஆபத்தை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. ஒரு தொழிலாளி ஓர் ஆண்டில் வேலையால் இறக்கும் வாய்ப்பு 1,000-ல் 1-ஐத் தாண்டினால், எவ்வளவு லாபம் வந்தாலும் அந்த வேலையை நடத்தக் கூடாது. 10 லட்சத்தில் 1 என்ற அளவுக்குக் கீழே போய்விட்டால், கவனமாகப் பராமரித்தால் போதும். நடுவில் இருப்பதுதான் பெரும்பகுதி, கடல் வேலை அங்கேதான் வருகிறது. அங்கே சட்டம் கேட்பது, ஆபத்தை ‘நியாயமாக முடிந்த அளவு’ குறைத்தாயா என்பது. தொழிலில் இதை ஆலார்ப் என்பார்கள்.

அந்த ‘நியாயமாக’ என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தது 1949-ல் வந்த ஒரு தீர்ப்பு. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கப் பாதையின் பக்கச்சுவர் சரிந்து ஒரு தொழிலாளி இறந்த வழக்கு அது. ஆபத்தை ஒரு தட்டிலும், அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமத்தை மறுதட்டிலும் வைக்க வேண்டும். செலவு மிக மிக அதிகம் என்று நிறுவனம் நிரூபித்தால்தான் செய்யாமல் விடலாம் என்றது நீதிமன்றம். சமமாக இருந்தால் போதாது; சந்தேகம் வந்தால் செய்துதான் ஆக வேண்டும். நிரூபிக்கும் பாரமும் நிறுவனத்தின் தலையில்தான்.

ஆயிரத்துல ஒருத்தர்னா, 200 பேர் இருக்கிற பிளாட்ஃபார்ம்ல அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தர் சாகலாம்னு ஆகுதே?

உங்கள் பெருக்கல் சரி. அதனால்தான் அந்த எண்ணை இலக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தாண்டவே கூடாத உச்சவரம்பு. அதை ஒட்டிக்கொண்டு ஒரு தளம் ஓடுகிறது என்றால், அங்கே ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு விஷயம், சராசரி என்பது கடலில் ஏமாற்றும். வருடக்கணக்கில் ஒருவரும் இறக்காமல் ஓடும். பிறகு ஒரே இரவில் நூற்றுக்கு மேல் போய்விடும். ஆகவே தனி ஆளின் ஆபத்து ஒரு கணக்கு, ஒரே நேரத்தில் பலர் இறக்கும் ஆபத்து இன்னொரு கணக்கு என்று இரண்டையும் பார்க்கிறார்கள். 1 பேர் இறக்கும் 100 விபத்தைவிட 100 பேர் இறக்கும் 1 விபத்தை சமூகம் கூடுதல் கடுமையோடு பார்க்கிறது. அப்படிப் பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்தும். ஒரே இரவில் ஒரு ஊரே அப்பாக்களை இழப்பதற்கு ஈடே இல்லை.

இந்த எண்ணெல்லாம் எங்கிருந்து வருது? யாராவது உட்கார்ந்து சும்மா போடுறதா?

சும்மா போடுவதில்லை. தளத்தில் எத்தனை ஃப்ளாஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையம்), எத்தனை வால்வு, எத்தனை சிறு குழாய் இணைப்பு என்று எண்ணுகிறார்கள். ஒவ்வொரு வகையும் கடந்த காலத்தில் எத்தனை முறை கசிந்தது என்ற பதிவைப் பார்க்கிறார்கள். பிரிட்டன் 1992 முதல் தன் கடல் பகுதியில் நடந்த கசிவுகளைத் தொகுத்து வருகிறது. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். கசிந்தால் தீப்பிடிக்குமா, பிடித்தால் ஷட்டவுன் வேலை செய்யுமா, ஆட்கள் தப்ப முடியுமா என்று கிளை கிளையாகப் பிரித்துப் பெருக்குகிறார்கள்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பகுதியில் பெரிய கசிவு 10 ஆண்டுக்கு ஒரு முறை. அப்படிக் கசிவதில் 50-க்கு 1 தீப்பிடிக்கும். தீப்பிடித்ததில் 20-க்கு 1 தடவை ஷட்டவுன் கைவிடும். மூன்றையும் பெருக்கினால் கட்டுக்கடங்காத தீ 10,000 ஆண்டுக்கு ஒன்று. பார்க்க நன்றாக இருக்கிறது. இப்போது யாரோ ஒருவர் பராமரிப்புக்காக அந்த ஷட்டவுனை பைபாஸில் போட்டுவிட்டு, அதாவது இயங்காதபடி தற்காலிகமாக விலக்கிவிட்டு, எடுக்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். அந்த 20 கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. 10,000 என்பது 500 ஆகிறது. அலுவலக ரிப்போர்ட்டில் மட்டும் 10,000 அப்படியே இருக்கும்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ‘ஏற்கத்தக்கது’ என்று கையெழுத்துப் போட்ட ஆபத்து, எல்லாத் தடுப்பும் உயிரோடு இருக்கும் ஒரு தளத்தின் ஆபத்து. இன்று காலை நீங்கள் ஏறி நிற்கும் தளம் அதுதானா என்பதை யாராவது தினமும் பார்க்க வேண்டும்.

கேஸ் லீக் ஆனா மோப்பத்துல தெரிஞ்சிடாதா? டிடெக்டர் எதுக்கு?

மூக்கை நம்பவே நம்பாதீர்கள். வீட்டு சிலிண்டரில் வரும் நாற்றம் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கப்படுவது. கிணற்றிலிருந்து வரும் மீத்தேனுக்கு மணம் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு, ஆனால் அளவு கூடினால் அது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, கேஸும் போய்விட்டது என்று நினைத்து உள்ளே போனவர்கள் திரும்பவில்லை.

மீத்தேன் காற்றில் சுமார் 5 சதவீதம் கலந்தால் தீப்பிடிக்கும் நிலைக்கு வரும். அந்த எல்லையில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது காற்றில் 1 சதவீதத்தை, எட்டும்போதே முதல் அலாரம் அடிக்கும்படி வைப்பது பரவலான வழக்கம். அதற்கு மேல் போனால் தானாக ஷட்டவுன். ஒரே ஒரு டிடெக்டர் தவறாகக் காட்டி உற்பத்தி நின்றுபோகாமல் இருக்க, மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் நடவடிக்கை என்று அமைப்பார்கள்.

டிடெக்டர்களிலும் வகை உண்டு. சில, தான் இருக்கும் இடத்துக்கு வந்த வாயுவை மட்டும் அறியும். சில, எதிரெதிரே இரண்டு பெட்டிகள் வைத்து, இடையில் ஓடும் அகச்சிவப்புக் கதிரை வாயு மறைப்பதை அறியும். உயர் அழுத்தக் கசிவு எழுப்பும், நம் காதுக்குக் கேட்காத ஒலியைப் பிடிக்கும் கருவியும் இருக்கிறது. எதை வைத்தாலும் கடல் அதைச் சும்மா விடாது. டிடெக்டர் முகத்தில் மழை படாமல் இருக்க ஒரு மூடி போட்டிருப்பார்கள். அதன் துளைகளில் உப்புப் படிந்து வெள்ளையாக இறுகிவிடும். பெயின்ட் அடிப்பவர் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிட்டு எடுக்காமல் போவார். சாரம் கட்டியவர் கதிர் ஓடும் வழியில் தார்ப்பாய் தொங்கவிடுவார். கண்ட்ரோல் ரூம் திரையில் அத்தனையும் பச்சையாகவே காட்டலாம். சோதனை வாயுவை நேரில் ஊதிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

எமர்ஜென்சி ஷட்டவுன் பட்டனை அமுக்கினா உடனே எல்லாம் நின்னுடுமா?

வால்வுகள் மூடும். அவை காற்றழுத்தத்தால் திறந்து பிடிக்கப்பட்டிருக்கும். காற்று போனால் ஸ்பிரிங் தானாக மூடிவிடும். கரண்ட் போனாலும் குழாய் அறுந்தாலும் மூடிய நிலைக்குத்தான் வரும். கிணற்றுக்குள்ளும் கடல் தரைக்குக் கீழே ஒரு வால்வு இருக்கும். மேலே தளமே போனாலும் அது கிணற்றை அடைத்துவிட வேண்டும்.

ஆனால் மூடியதும் ஆபத்து தீர்ந்துவிடாது. ஏற்கெனவே கலன்களுக்குள் அழுத்தத்தோடு இருக்கும் வாயுவை ஃப்ளேர் எனப்படும், வாயுவை எரித்துவிடும் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். சுமார் 15 நிமிடத்தில் அழுத்தத்தைப் பாதிக்குக் குறைப்பது பழகிய வடிவமைப்பு அளவு. நெருப்பில் நிற்கும் எஃகு 600 டிகிரி செல்சியஸ் அருகே தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும் என்பதால் இது நேரத்தோடு நடக்கும் ஓட்டம். இதைவிடப் பெரிய தலைவலி ரைசர், அதாவது கடல் தரையிலிருந்து தளத்துக்கு ஏறி வரும் குழாய். அதற்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளக் குழாய் முழுக்க வாயு நிற்கும். ரைசரை அடைக்கும் வால்வுக்குக் கீழே அது உடைந்தால், மேலே எந்தப் பட்டனை அமுக்கியும் பயனில்லை. அடுத்த இரண்டு பதில்களும் ரைசரைப் பற்றியவைதான்.

எல்லா வகுப்புலயும் பைப்பர் ஆல்ஃபா, பைப்பர் ஆல்ஃபான்னு சொல்றாங்க. அங்க உண்மையில என்னதான் நடந்துச்சு?

பைப்பர் ஆல்ஃபா ஓர் எண்ணெய்த் தளம். 1988 ஜூலை 6, வட கடல், ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். கண்டென்சேட் எனப்படும் திரவ எரிவாயுவை அனுப்ப அங்கே இரண்டு பம்புகள் இருந்தன. பகல் ஷிஃப்டில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். வேலை அன்று முடியவில்லை. திறந்த குழாய் வாயில் ஒரு தட்டையான மூடித்தகடு வைத்து போல்ட் போட்டார்கள். கசியாத அளவுக்கு இறுக்கவில்லை. பம்பைப் பராமரிக்க ஒரு பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), வால்வைக் கழற்ற இன்னொரு பெர்மிட் என்று இரண்டு தாள்கள். இரவில் மற்றொரு பம்ப் நின்றுவிட்டது. பராமரிப்பு பெர்மிட்டைப் பார்த்த இரவு ஷிஃப்ட், பம்பில் வேலை தொடங்கவில்லை என்பதால் அதை ஓட்டலாம் என்று முடிவு செய்தது. வால்வு கழற்றப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. மூடித்தகடு பம்ப் இருந்த தளத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படாத உயரத்தில் இருந்தது. இரவு 10 மணிக்கு முதல் வெடிப்பு.

அதற்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகள் போயின. அறைகளுக்கு இடையே இருந்த சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டியவை, வெடிப்பைத் தாங்க அல்ல. கண்ட்ரோல் ரூம் முதல் வெடியிலேயே செயலிழந்தது. கடல்நீரை இறைக்கும் தீயணைப்பு பம்புகள் தானாக ஓடாதபடி கைமுறையில் வைக்கப்பட்டிருந்தன. கடலுக்குள் டைவர்கள் வேலை செய்யும்போது பம்ப் அவர்களை இழுத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுந்த வழக்கம் அது. பக்கத்துத் தளங்களான டார்ட்டனும் கிளேமோரும் தீ தெரிந்த பிறகும் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. சுமார் 20 நிமிடத்தில் டார்ட்டனிலிருந்து வந்த வாயு ரைசர் வெடித்தது. பலர் பயிற்சியில் சொன்னபடி தங்குமிடத்தில் கூடி ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தார்கள். புகையில் ஹெலிகாப்டர் இறங்க வழியே இல்லை. தளத்தில் இருந்த 226 பேரில் 61 பேர் பிழைத்தார்கள். மீட்கப் போன படகில் இருந்த 2 பேரையும் சேர்த்து 167 பேர் இறந்தார்கள்.

கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை 1990-ல் 106 பரிந்துரைகள் தந்தது. இன்று நீங்கள் வேலை செய்யும் தளத்தில் புகை புகாத தற்காலிகப் புகலிடம் இருப்பதும், ரைசர் வால்வு கடல்மட்டத்துக்கு அருகே இருப்பதும், ‘எங்கள் தளத்தின் பெரிய ஆபத்துகள் இவை, இப்படிக் கட்டுப்படுத்துகிறோம்’ என்று நிறுவனமே எழுதி நிரூபிக்க வேண்டும் என்ற ‘சேஃப்டி கேஸ்’ முறையும் அந்த இரவிலிருந்து வந்தவை.

அது வெளிநாட்டுல. நம்ம நாட்டுல அப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. 2005 ஜூலை 27, மும்பை ஹை நார்த். மும்பை நகரம் முந்தைய நாள் பெய்த 944 மில்லிமீட்டர் மழையில் மூழ்கிக் கிடந்த சமயம் என்பதால் பலருக்கு இது நினைவில் இல்லை. சமுத்ர சுரக்ஷா என்ற ஆதரவுக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் வெட்டுப்பட்டது. பருவமழைக் கடல், ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலை. தளத்தின் கிரேன் கூடையில் அவரைத் தூக்குவதற்காகக் கப்பலைத் தளத்தை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். காற்றும் அலையும் கப்பலைத் தளத்தின் மேலேயே தள்ளும் பக்கம் அது. தூக்கிய பிறகு கப்பல் மோதியது. அதன் ஹெலிகாப்டர் மேடை பட்டு வாயு ரைசர் உடைந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் தளம் அழிந்தது. தளம், பக்கத்து ரிக், கப்பல் எல்லாவற்றிலும் சேர்த்து இருந்த 384 பேரில் 362 பேர் மீட்கப்பட்டார்கள், 22 பேர் மாண்டார்கள்.

இதில் கருவி எதுவும் வியப்பூட்டும் விதத்தில் கெட்டுப்போகவில்லை. ரைசர்கள் கப்பல் மோதக்கூடிய இடத்தில் போதிய காப்பின்றி இருந்தன. சின்னக் காயத்துக்கு சிகிச்சை தரும் அவசரத்தில் யாரும் மோதல் ஆபத்தை எடைபோட்டுப் பார்க்கவில்லை. அடிபட்ட மனிதரை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காற்றில், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் வரை கப்பல் நெருங்கலாம் என்பதை அமைதியான நாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். 2008-ல் இந்தியாவில் கடல்சார் எண்ணெய் எரிவாயுப் பணிகளுக்கென்றே தனிப் பாதுகாப்பு விதிகள் வந்தன. ஓ.ஐ.எஸ்.டி. எனப்படும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம்தான் அவற்றை மேற்பார்க்கிறது.

கிணறு வெடிச்சா அடைக்கத்தான் பி.ஓ.பி. இருக்கே. அமெரிக்காவுல அது ஏன் கைவிட்டுச்சு?

2010 ஏப்ரல் 20, மெக்ஸிகோ வளைகுடா, டீப்வாட்டர் ஹொரைசன் ரிக். 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். கிணறு 87 நாள் கொட்டியது. பி.ஓ.பி. என்பது கிணற்று வாயில், அங்கே சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், நிற்கும் ராட்சத வால்வுக் கோபுரம். அதன் கடைசி ஆயுதம், டிரில் பைப்பை வெட்டிக் கிணற்றை அடைக்கும் கத்தி. அன்று பைப் உள்ளே வளைந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கத்தி அதை முழுசாக வெட்டி அடைக்க முடியவில்லை. தானாக இயங்க வேண்டிய இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் வயரிங் தவறு, மற்றொன்றில் பேட்டரி பலவீனம் என்று விசாரணைகள் கண்டன.

ஆனால் பி.ஓ.பி.யை மட்டும் குற்றம் சொல்வது கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது போல. அதற்குச் சில மணி நேரம் முன்பே கிணறு அடைபட்டதா என்று சோதித்தார்கள். டிரில் பைப்பில் 1,400 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டியது, பக்கத்துக் குழாயில் பூஜ்யம். அடைபட்ட கிணறு அப்படிக் காட்டாது. அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்துச் சோதனை வெற்றி என்று முடிவுசெய்தார்கள். மீட்டர் தன் வேலையைச் செய்தது. தங்களுக்கு வேண்டிய பதிலுக்காகக் காத்திருந்தவர்கள் அதை வாசித்தார்கள்.

எங்க சைட்ல ஆயிரம் நாளா ஒரு விபத்தும் இல்லைன்னு போர்டு வெச்சிருக்காங்க. அப்ப சேஃப்தானே?

வழுக்கி விழுவது, கை நசுங்குவது, கண்ணில் தூசு விழுவது குறைந்திருக்கிறது என்று அந்த போர்டு சொல்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் மேலே சொன்ன டீப்வாட்டர் ஹொரைசனும் ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழக்கும் காயம் ஏதுமின்றி ஓடியது. அதைப் பாராட்ட மேலதிகாரிகள் ரிக்குக்கு வந்திருந்த அதே நாளில்தான் வெடித்தது. ஹெல்மெட்டும் கைப்பிடிக் கம்பியும் கேஸ் வெடிப்பைத் தடுக்காது.

பெரிய விபத்து நெருங்குகிறதா என்று அறிய வேறு போர்டு வேண்டும். இந்த மாதம் எத்தனை கசிவு, எத்தனை பாதுகாப்பு வால்வு சோதனைத் தேதி தாண்டிக் கிடக்கிறது, எத்தனை பைபாஸ் இன்னும் எடுக்கப்படவில்லை, எத்தனை அலாரம் வருவதும் போவதுமாக யாரும் கண்டுகொள்ளாமல் இருக்கிறது. இப்படி ஒரு போர்டை நுழைவாயிலில் வைக்கும் தளத்துக்கு நான் மனநிம்மதியோடு ஆள் அனுப்புவேன்.

எஸ்.ஐ.எல். 3 சிஸ்டம்னா ஃபெயிலே ஆகாதாமே?

ஆகும். எஸ்.ஐ.எல். என்பது ஒரு பாதுகாப்பு அமைப்பை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் தர அளவு. எஸ்.ஐ.எல். 2 என்றால் தேவைப்படும் நேரத்தில் கைவிடும் வாய்ப்பு 100-க்கு 1 முதல் 1,000-க்கு 1 வரை, எஸ்.ஐ.எல். 3 என்றால் 1,000-க்கு 1 முதல் 10,000-க்கு 1 வரை. இந்தத் தகுதியைப் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் தருவதில்லை. குறித்த இடைவெளியில் சோதித்தால் மட்டுமே அது நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டியதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால், கைவிடும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

சோதனையையும் பாதியில் விடக் கூடாது. சிக்னல் அனுப்பி, திரையில் ‘மூடியது’ என்று வந்ததும் டிக் அடிப்பவர்கள் உண்டு. வால்வு முழுசாக மூடியதா, எத்தனை வினாடியில், மூடிய பிறகு உள்ளே கசிகிறதா என்று பார்த்தால்தான் அது சோதனை.

பைபாஸ் போடாம வேலையே நடக்காதே சார். அதையும் தப்புன்னா எப்படி?

தப்பு என்று சொல்லமாட்டேன். டிடெக்டரைப் பழுதுபார்க்கும்போது அதைத் தற்காலிகமாக விலக்கத்தான் வேண்டும். பைப்பரில் தீயணைப்பு பம்பைக் கைமுறையில் வைத்ததற்கும் காரணம் இருந்தது. டைவர்கள் பம்ப் வாய்க்கு அருகே இல்லாதபோதும் அப்படியே விட்டதுதான் வழக்கமாகிப்போனது. டீப்வாட்டர் ஹொரைசனிலும் நடுராத்திரியில் தூக்கம் கெடுகிறது என்று பொது அலாரம் தானாக அடிக்காதபடி வைக்கப்பட்டிருந்ததாக அங்கே வேலை செய்தவரே விசாரணையில் சொன்னார்.

நான் கேட்பது நான்கு. யார் அனுமதித்தார், எப்போது எடுக்கப்படும், அதுவரை அந்தத் தடுப்புக்குப் பதில் என்ன, அடுத்த ஷிஃப்டுக்கு வாயால் சொல்லிக் காட்டியும் கொடுத்தார்களா. முன்பு போட்ட கற்பனைக் கணக்கில் 10,000 எப்படி 500 ஆனது என்பதைப் பாருங்கள். அந்த மாற்றத்துக்கு ஒரு கையெழுத்துகூட இல்லாமல் இருக்கக் கூடாது.

செலவையும் உயிரையும் எடை போடணும்னா, உயிருக்கு விலை வெச்சுட்டாங்கன்னுதானே அர்த்தம்?

ஓர் எண் இருக்கிறது என்பது உண்மை. எச்.எஸ்.இ. 2001-ல் ஒரு மரணத்தைத் தடுப்பதன் மதிப்பாகச் சுமார் 10 லட்சம் பவுண்டை எடுத்துக்கொண்டது. யாரோ ஒருவரின் உயிருக்கு அது விலை இல்லை. பல்லாயிரம் பேருக்குச் சின்ன அளவில் ஆபத்தைக் குறைக்க சமூகம் எவ்வளவு செலவழிக்கத் தயார் என்பதிலிருந்து வருவது. அதிலும் ஆலார்ப் விதிப்படி செலவு அந்த எண்ணைத் தாண்டினாலே தப்பிக்க முடியாது, பல மடங்கு தாண்டியிருக்க வேண்டும்.

இந்த எண் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் எண்ணே இல்லாத இடத்தில் உயிருக்கு மதிப்பு கூடுவதை நான் பார்த்ததில்லை. ‘பட்ஜெட் இல்லை’ என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எழுதி வைத்த கணக்கு என்றால் எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். இன்னொன்று, நல்ல தொழில் நடைமுறை என்று ஏற்கெனவே நிலைபெற்றதைச் செய்யாமல் விட இந்தக் கணக்கைச் சாக்காகக் காட்டவே முடியாது. டிடெக்டரைச் சோதிக்கலாமா என்று லாப நஷ்டக் கணக்கு போட இடமில்லை.

நல்ல சம்பளம் தர்றாங்க, நாமும் தெரிஞ்சுதான் போறோம். அப்ப நாமதானே ரிஸ்க்கை ஏத்துக்கிட்டோம்?

தெரிந்துதான் போகிறோமா? உங்கள் தளத்தின் சேஃப்டி கேஸையோ ஆபத்துக் கணக்கையோ ஒரு பக்கமாவது யாராவது உங்களுக்குக் காட்டியிருக்கிறார்களா? ஊரில் கடனைக் கட்ட வேண்டியவர், ஏஜெண்டிடம் பணம் கொடுத்து வந்தவர், ‘இல்லை’ என்று சொன்னால் அடுத்த முறை கடல் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயப்படுபவர் ஆகியோரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

2021 மே 17, டௌக்டே புயல். மும்பைக் கடலில் பி-305 என்ற தங்குமிடப் பார்ஜில் 261 பேர் இருந்தார்கள். புயல் எச்சரிக்கை வந்தும் பார்ஜ் துறைமுகத்துக்குத் திரும்பாமல் கடலிலேயே நின்றது. நங்கூரங்கள் அறுந்து அலைந்து, ஆளில்லாத் தளம் ஒன்றில் மோதி மூழ்கியது. 70 பேருக்கு மேல் இறந்தார்கள். கடற்படை பெரும்பாலானோரைக் காப்பாற்றியது. பார்ஜ் அங்கேயே நிற்கலாம் என்ற முடிவில் அந்த வெல்டருக்கோ ஃபிட்டருக்கோ எந்தப் பங்கும் இல்லை. ஆபத்தை ஏற்பவர் யார், அதைச் சுமப்பவர் யார் என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது. பிரிட்டன் 1989-லேயே கடல் தளத் தொழிலாளர்கள் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்த ஓட்டு உண்டு.

நான் அடுத்த மாசம் முதல் தடவையா போறேன். பிளாட்ஃபார்ம்ல இறங்கினதும் எதைப் பார்க்கணும்?

உங்கள் அறையிலிருந்து, அவசரத்தில் எல்லோரும் கூடும் மஸ்டர் இடத்துக்கும் லைஃப்போட்டுக்கும் இரண்டு வழியில் நடந்து பாருங்கள். இரண்டாவது வழியை விளக்கில்லாத நேரத்தில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். பைப்பரில் வெளியேறியவர்களில் பலர் புகையில் வழி தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவரின் பின்னால் போனவர்கள்.

வேலைக்கு முன் பெர்மிட்டை நீங்களே படியுங்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஐசொலேஷன் (வேலை நடக்கும் பகுதியை மற்றவற்றிலிருந்து அடைத்துத் துண்டிப்பது) என்று எழுதியிருந்தால் எந்த வால்வு, பூட்டும் டேகும் எங்கே என்று போய்த் தொட்டுப் பாருங்கள். பல தளங்களில், ஆபத்தாகத் தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் ‘ஸ்டாப் ஒர்க்’ அட்டை தருவார்கள். கடைசியாக யார் அதைப் பயன்படுத்தினார், அவர் இப்போதும் வேலையில் இருக்கிறாரா என்று பழைய ஆளிடம் கேளுங்கள். அந்த ஒரு பதிலில் தளத்தின் குணம் தெரிந்துவிடும்.

தடுப்பெல்லாம் சரியா வேலை செஞ்சு, யாரும் சாகாம தப்பின கதை ஏதாவது இருக்கா? பயமாவே சொல்றீங்க.

இருக்கிறது, அது செய்தியில் ஓடாது என்பதால் தெரிவதில்லை. 2012 மார்ச் 25, வட கடலின் எல்ஜின் தளம். கைவிடப்படவிருந்த ஒரு கிணற்றிலிருந்து வாயு பீறிட்டது. தளத்திலும் பக்கத்து ரிக்கிலும் இருந்த 238 பேரையும் வெளியேற்றினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. தீப்பிடிக்கவில்லை, அதில் காற்றடித்த திசைக்கும் பங்குண்டு. கிணற்றை அடைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. பண நஷ்டம் பெரிது, ஆனால் அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

இனிமே ஆளில்லா பிளாட்ஃபார்ம், ரோபோ, கரையிலிருந்தே கண்ட்ரோல்னு வருதே. அப்ப இந்தப் பிரச்சினையே இருக்காதுல்ல?

தளத்தில் ஆள் குறைந்தால் விபத்தில் சிக்குவோர் குறைவார்கள், நல்ல மாற்றம். ஆனால் பழுதுபார்க்க யாராவது போய்த்தான் ஆக வேண்டும். ஆளில்லாத் தளத்துக்கு ஹெலிகாப்டரிலோ படகிலோ போய் வருவதே அவர்களின் ஆபத்தில் பெரும்பங்கு ஆகிவிடும். 1986-ல் ஷெட்லாந்து அருகே எண்ணெய்த் தொழிலாளர்களை ஏற்றி வந்த சினூக் விழுந்து 45 பேரும், 2009-ல் சூப்பர் பூமா விழுந்து 16 பேரும் இறந்தார்கள். கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீருக்குள் வெளிவரும் பயிற்சியில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதோடு, ஆள் போவது குறையும்போது டிடெக்டர் மூடியில் உப்பு படிவதை நேரில் பார்ப்பதும் குறையும். கரையில் இருப்பவர் திரையை மட்டும் நம்புவார். ஆகவே தானாகத் தன்னைச் சோதித்துக்கொள்ளும் கருவிகள், அடிக்கடி பராமரிப்பு கேட்காத எளிய தள அமைப்பு, ஒரே பயணத்தில் பல வேலை முடிக்கும் திட்டம் என்று வடிவமைக்கும்போதே யோசிக்க வேண்டும். பழைய தளத்திலிருந்து ஆட்களை மட்டும் இறக்கிவிட்டு ஆளில்லாத் தளம் என்று பெயர் மாற்றினால், சோதனைத் தேதி தாண்டிய வால்வுகளின் பட்டியல் நீளும்; அதைச் சரிசெய்ய மறுபடி கூட்டமாக ஆள் அனுப்ப வேண்டி வரும்.